மூன்றாவது முறை கேட்டால்

துகினா அக்காவிடம் தெம்பே என்கிற சோயா வறுவல் ஒரு துண்டை நீட்டினால், "வேணாம், நீ சாப்பிடு" என்பாள். மறுபடி நீட்டினால், "அட, இருக்கட்டும்." மூன்றாவது முறைதான் கை வரும். ஜாவாக்காரர்களின் மரியாதை அது. நான் மதுராத் தீவுக்காரி. எங்கள் ஊரில் நீட்டுவதற்கு முன்பே தட்டு காலி. இந்த மனநல மருத்துவமனையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில்.

அன்று விடியும்போதே அக்கா குளித்து, தலை வாரி, துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிப்போக மகன் வந்து வராந்தாவில் காத்திருந்தான். டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் தோகார் புதியவர். சுமத்ராவின் பாத்தாக் இனத்துக்காரர். மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிற ஜனம்.

"தூக்கம் வருதாம்மா? காதுல குரல் ஏதும் கேக்குதா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப வீட்டுக்குப் போறீங்களா?"

அக்கா தலையைக் குனிந்து சிரித்தாள். "பரவால்ல டாக்டர். எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"நிஜமாவா? போக வேணாமா?"

"இருக்கட்டும் டாக்டர்."

"சரி, பயமா இருந்தா இன்னும் ஒரு மாசம் இருங்க. மகன்கிட்ட நானே சொல்லிடறேன்" என்று அவர் வராந்தாப் பக்கம் நடந்தார்.

அக்கா மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அதன்மேல் சொட்டியது.

"டாக்டரே, நில்லுங்க!" என்று கத்தினேன். நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தாள்.

"ஊசியைத் தூக்கிட்டு வந்துட்டா! எனக்கு ஒண்ணும் முத்திடல. டாக்டர், இவ ஜாவாக்காரி! ரெண்டு தடவை வேணாம்னுதான் சொல்லுவா. இன்னொரு தடவை கேட்டா குடியா முழுகிடும்?"

டாக்டர் திரும்பி வந்து கட்டிலருகே குந்தினார். "அம்மா, வீட்டுக்குப் போறீங்களா?"

"உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா..." என்று சொல்லும்போதே அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

போகும்போது என் கையைப் பிடித்து அழுதாள். "சீ, போ" என்று தள்ளிவிட்டேன். அவள் கட்டில் விரிப்பை உருவி எடுத்துப் போனார்கள். என் தம்பி என்னைப் பார்க்க வந்து இரண்டு நோன்புப் பெருநாள் கடந்துவிட்டது.

"நீங்களும் தேறிட்டீங்களே. தம்பியை வரச் சொல்லவா?" என்றார் டாக்டர்.

"வேணாம்."

அவர் நகரவில்லை. "சொல்லவா?"

"அதான் வேணாம்னேனே! நான் என்ன ஜாவாக்காரியா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி கேட்டார்.

நான் அக்காவின் வெறுங்கட்டிலைப் பார்த்தேன். "அவனுக்குச் சிரமம் இல்லைன்னா" என்றேன்.