விரிசலின் மேல் ஐந்து கண்ணாடிகள்

நூற்று இருபத்தேழு நாள் கீறல்கூட விழாமல் இருந்த ஐந்து கண்ணாடித் தகடுகளும் ஒரே இரவில் உடைந்திருந்தன.

பழைய தந்தி அலுவலகத்தின் பின்சுவரில், ஜன்னல் வளைவிலிருந்து தரைவரை ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அதன் குறுக்கே அந்தத் தகடுகளை ஒட்டியவள் அவள்தான். படித்தது வேதியியல், வேலை நகரசபையின் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில். விரிசலை அளக்கும் கருவி வாங்கப் பணமில்லை என்று நகரசபை கையை விரித்தபோது, சோதனைக்கூடத்தில் சும்மா கிடந்த கண்ணாடித் தகடுகளைப் பசை போட்டு ஒட்டலாமே என்று எழுதிக் கொடுத்தாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் உடையாது. யோசனை சொன்ன பாவத்துக்கு வேலையும் அவள் தலையில் விழுந்தது. தினமும் காலையில் வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் போவாள்.

"போச்சு, அஞ்சும் போச்சு," என்றார் நகரசபைப் பொறியாளர். "என்னம்மா தண்ணி மேடம், பேசி வெச்ச மாதிரி எல்லாம் ஒண்ணா கழண்டுக்கிச்சே?"

அவள் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்தாள். சுவர் நகர்ந்து உடைந்திருந்தால் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே மயிரிழையாவது விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. ஒன்றோடொன்று இன்னும் ஒட்டி நின்றன. உடைந்த இடத்தில் மேற்பரப்பில் ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல. கோட்டின் நடுவில் எள்ளளவு இடம் மட்டும் கீறாமல் இருந்தது. அடுத்த தகட்டிலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும்.

ஐந்தாவது தகட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு லென்ஸைப் பைக்குள் வைத்தாள்.

"இப்ப என்ன சார் ஆகும்?"

"மூணு மணிக்குக் கூட்டம். சுவர் நகருதுன்னு சொல்லுவேன். இடின்னு சொல்லுவாங்க."

"ரிப்பேர் பண்ண மாட்டாங்களா?"

"எதை வெச்சு? பட்ஜெட்ல ரிப்பேர் தலைப்புல இருந்த பணத்தைப் பழைய பள்ளிக்கூடத்துக்கு வழிச்சுக் குடுத்தாச்சு. இடிக்கிற தலைப்புல மட்டும் பணம் இருக்கு. அதை எடுத்து இதுல போட முடியாது." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நம்ம ஆபீஸ் லட்சணம் அப்படி. மருந்துக்குக் காசு இருக்காது, புதைக்கிறதுக்கு இருக்கும்."

"அந்தப் பங்குத் திட்டம்?"

"கண்ணாடி உடையாம இருந்தாதானே அது?"

அது அவளுக்குத் தெரியும். சுவர் நிலையாக இருப்பது உறுதியானால், பழுதுபார்க்கும் செலவில் பாதியை நகரசபை சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். மீதிப் பாதியைக் கீழே இருக்கும் ஆறு கடைக்காரர்கள் வாடகையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இன்றைய கூட்டத்தில் முடிவாகவிருந்தது அதுதான். அதுவரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஆறு கடைகளில் கடைசி, அக்காவுடையது. படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அந்தக் காலத்தில் தந்தி கொடுக்க வந்தவர்கள் நின்று நின்று அங்கே தரையின் ஓடுகள் தேய்ந்து குழிந்திருந்தன. அந்தக் குழியில் கால் வைத்துத்தான் அக்கா நாள் முழுக்கக் கண்ணாடி வெட்டுவாள்.

"வாடி ஊமைக்கோட்டான்! ஏன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வர்ற? கண்ணாடி எல்லாம் உடைஞ்சிருச்சாமே? பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் இப்பவே எந்தக் கலர் பெயிண்டுன்னு சண்டை போடறார்."

"நீதானே அக்கா?"

சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "எதை வெச்சுச் சொல்ற?"

"உன் கண்ணாடி வெட்டியோட சக்கரம் ஒரு இடத்துல கடிக்காது. நம்ம வீட்டு நிலைக்கண்ணாடி ஓரத்துல அதே மாதிரி இருக்கு."

அக்கா மேசைமேல் கிடந்த கண்ணாடி வெட்டியைப் பார்த்தாள். சிரித்தாள். "புதுசு வாங்கணும், வாங்கணும்னு தள்ளிப் போட்டேன் பாரு. சரி, நான்தான். அதுக்கு என்ன இப்போ? பள்ளிக்கூடத்துச் சுவர்லயும் இதே மாதிரி ஒட்டின கண்ணாடி உடைஞ்சுது, அடுத்த வாரமே சாரம் கட்டினாங்க. இங்க உன் கண்ணாடி கல்லு மாதிரி நிக்குது. நிக்கற வரைக்கும் ஒரு சல்லிக்காசு வராது. மழை பேஞ்சா என் சட்டமெல்லாம் ஊறி உப்பிப்போகுது. எத்தனை தடவை மனு குடுத்தோம்! உன்கிட்ட கேட்டா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்."

"அக்கா, இடிக்கப் போறாங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தலைப்புகள், பங்குத் திட்டம், மூன்று மணிக் கூட்டம். வாழ்நாளில் அக்காவிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"கூடப்பிறந்தவகிட்டகூடவா?"

அவள் ஓட்டுக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வெட்டினேன்னு தெரிஞ்சா கடையைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க," என்றாள் அக்கா. குரலில் இப்போது கேலி இல்லை. "நகரசபைச் சொத்தைச் சேதப்படுத்தினா அப்படித்தான். வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போடும்போதே படிச்சுக் காட்டினாங்க. உங்க அத்தான் இறந்தப்புறம் எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு மேசைதான்."

அந்த மேசையில் வெட்டிய கண்ணாடியில்தான் தங்கைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டப்பட்டது. அக்கா அதைச் சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை.

"யாரோ வெட்டியிருக்காங்கன்னு மட்டும் சொல்லேன். பேர் எதுக்கு? சுவர் நகரலைன்னு தெரிஞ்சாப் போதாதா?"

"போதும்னுதான் நினைக்கிறேன்," என்றாள் தங்கை. "அது சரி, பின்சுவருக்குப் போற உள்தாழ்வாரம் பூட்டியிருக்குமே. எப்படிப் போன?"

"காவலாளி அண்ணன்கிட்ட சாவி கேட்டேன். பழைய சட்டம் எடுக்கணும்னேன். குடுத்தார், பாவம்."

கூட்ட அறையில் மின்விசிறி ஓடியது. காகிதம் பறக்காமலிருக்க ஆளுக்கொரு பேப்பர்வெயிட். பொறியாளர் பேசி முடித்ததும் நகரசபைத் தலைவர் அம்மா பேனாவைத் திறந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"சுவர் நகரலை, மேடம்."

"என்னம்மா? சத்தமா பேசு."

"சுவர் நகரலை. கண்ணாடியை வெட்டியிருக்காங்க. வெட்டுச் சக்கரம் போட்ட கோடு இருக்கு. துண்டுகள் விலகவே இல்லை." கொண்டுவந்திருந்த லென்ஸை மேசைமேல் வைத்தாள். "நீங்களே வந்து பார்க்கலாம்."

பொறியாளர் முகம் சுருங்கியது. "காலையில என்கிட்ட சொல்லலையே?"

தலைவர் பேனாவை மூடினார். நிம்மதிதான் அவருக்கும், தந்தி அலுவலகத்தை இடித்த தலைவர் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? "அப்ப திட்டத்துக்கு அனுமதி குடுக்கலாம். ஆனா எவன் வெட்டினான்னு தெரியணுமே. நாளைக்குத் திட்டத்துல பணம் போட்டப்புறம் சுத்தியலை எடுத்துட்டு வந்தா?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றார் பொறியாளர். "சாவி ஒருத்தர்கிட்டதானே."

காவலாளியை உள்ளே கூப்பிட்டார்கள். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ராத்திரி சாவியை யாருக்காவது குடுத்தீங்களா?"

காவலாளி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லீங்க. சாவி என் இடுப்பை விட்டு இறங்கலீங்க."

"அப்ப உள்ளே போனது நீங்கதான்."

"நான் எதுக்குங்க அதை உடைக்கப் போறேன்?"

"யார் உடைக்கச் சொன்னாங்களோ அவங்களைக் கேக்கணும்," என்றார் பொறியாளர். "கடைக்காரங்க எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு டீகூட யாரும் வாங்கிக் குடுக்கலீங்க," என்றார் காவலாளி. ஒருவர் சிரித்தார். அவர் சொன்னது சிரிக்க வைப்பதற்காக இல்லை. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே அது போய்விடும் என்பதுபோல.

"நாளையிலிருந்து வர வேண்டாம்," என்றார் தலைவர். எழுதுவதற்காகப் பேனாவை மறுபடி திறந்தார். "சாவியை இங்க வெச்சுட்டுப் போங்க."

கொத்திலிருந்து தந்தி அலுவலகச் சாவி சுலபமாகக் கழலவில்லை. வளையத்தை நகத்தால் நெம்பினார். அறையில் எல்லோரும் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் லென்ஸைப் பார்த்தாள். அதன் அடியில் தலைவரின் பேப்பர்வெயிட் ஓரம் பெரிதாகத் தெரிந்தது. அக்கா கடையில் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள்? கடிகாரக் கடைக்காரரோடு பெயிண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாளா? ஓட்டுக் குழியில் கால் வைத்து நிற்பாளா?

சாவி கழன்று மேசையில் விழுந்தது.

"அண்ணே, சாவியை எடுத்துக்குங்க," என்றாள் அவள்.

தலைவர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

யாரும் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. ஆனாலும் மின்விசிறிச் சத்தத்தை மீறி எல்லோருக்கும் கேட்டது.

"இவர் இல்லை. சாவியைப் பொய் சொல்லி வாங்கினாங்க. கண்ணாடியை வெட்டினது எங்க அக்கா."