மோட்டாருக்கு நியூட்ரல் கிடைத்த வருடம்

மோட்டாருக்கு நியூட்ரல் கிடைத்த அன்று, காலை பதினொன்றேகால் மணிக்குப் படகுக்காரர் நடக்க ஆரம்பித்தார். அதன்பிறகு நான்கு மாதம் இரண்டு நாள் அவர் நிற்கவில்லை. அந்த மோட்டாருக்கு அதற்கு முன் பத்தொன்பது வருடங்களாக நியூட்ரல் கிடையாது. படகின் பின்புறம் தொங்கும் பழைய அவுட்போர்டு அது. கியர் லிவரை நடுவில் வைத்தாலும் தண்ணீருக்குள் விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். படகுக்காரர் கரைக்கு முப்பது அடி இருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிட்டு, மிச்ச தூரத்தை ஆற்றின் நல்ல மனதுக்கு விட்டுவிடுவார். ஆறும் பெரும்பாலும் ஒத்துழைத்தது. ஆனால் அந்தக் கோடையில் ஆக்சிலேட்டர் கேபிளும் துருப்பிடித்து இறுகிக்கொண்டது. பிடியைத் தளர்த்திய பிறகும் மோட்டார் கத்திக்கொண்டே இருக்க, படகு முழு வேகத்தில் துறையில் மோதி, ஒரு பல் டாக்டரின் முன்பற்கள் இரண்டு விழுந்தன. மறுநாளே படகுத்துறை அதிகாரி வந்து, இன்னொரு தடவை மோதினால் படகு ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கும் அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்தது அந்தப் படகு ஒன்றுதான்.

மெக்கானிக் படகுக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. கையில் வேலை உண்டு, உடம்புதான் வணங்காது. மோட்டாரைக் கழற்றித் தன் பட்டறையில் தண்ணீர் நிரம்பிய பீப்பாயில் மாட்டினான். ஆக்சிலேட்டர் கேபிளை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கியர்தான் இழுத்தடித்தது. லிவர் தேய்ந்துபோயிருந்ததால் நடுவில் தானாக நிற்காது. ஒருவர் அதைக் கையால் பிடித்திருக்க, இன்னொருவர் விசிறியை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, அது தாராளமாகச் சுற்றும் இடம் தெரிந்ததும் கேபிள் முனையிலுள்ள பித்தளைத் திருகை அதன் குழியில் உட்கார வைக்க வேண்டும். திருகு உட்கார்ந்ததும், நட்டை இறுக்குவதற்கு முன், லிவரைப் பிடித்திருப்பவர் கையை எடுத்துவிட வேண்டும். இதைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள்; ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

லிவரைப் பிடித்திருந்தவர் படகுக்காரர். சும்மா உட்கார்ந்திருப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. பயணி வராத நேரங்களில் அவர் படகில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான்கு பேர் வேலையை விட்டிருக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அன்றும் லிவரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். “மாமா, கையை எடுங்க” என்று மெக்கானிக் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லச் சோம்பல்பட்டு நட்டை இறுக்கினான். எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது லிவர் நடுவில் இருந்தது, விசிறி அசையாமல் நின்றது. மோட்டார் சாப்பிட்டு முடித்த ஆளைப் போல ஒரு மூச்சு விட்டது. படகுக்காரர் கண்விழித்து எழுந்து வாசலைத் தாண்டினார்.

“எங்க மாமா கெளம்பிட்டீங்க?”

“தெரியல மச்சான். கால் போகுது.”

கால் போய்க்கொண்டே இருந்தது. கடைத்தெரு, வாய்க்கால் பாலம், பள்ளிக்கூடச் சுவர், மறுபடி கடைத்தெரு. சுவரில் முட்டினால் நாலடி பின்னால் வந்து, திரும்பி, முன்னால் போவார். முன்னும் பின்னும் அவரிடம் ஒழுங்காக வேலை செய்தன, நடு மட்டும் இல்லை. தூக்கமும் நடந்தபடியேதான். மனைவி தட்டோடு கூடவே நடந்து ஊட்டினாள். முடி திருத்துபவர் ஒரு வாரம் கத்தியோடு பின்னால் ஓடிப் பார்த்துவிட்டு, தாடி அவருக்கு நன்றாக இருக்கிறது என்று அறிவித்தார். பத்து நாளில் ஊர் பழகிக்கொண்டது. எதிர்த்தெருவுக்குச் சாவி கொடுத்தனுப்புகிறவர்கள் அவர் பையில் போட்டுவிட்டார்கள். படகை இப்போது மனைவி ஓட்டினாள். அது துறையில் வந்து நிற்கும்போது தண்ணீரில் வட்டம்கூட விழவில்லை. பல் டாக்டரே புதுப் பல்லோடு ஏறி, நல்ல மோட்டார் என்றார்.

படகுக்காரரின் பாதங்கள் ஒரு மாதத்தில் வெடித்தன. மெக்கானிக் யோசித்து, மோட்டார் சும்மா ஓடும்போதுள்ள வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் திருகை அரைச் சுற்றுக் குறைத்தான். கடைத்தெருவில் மாமாவின் நடை பாதியானது. குஷியாகி இன்னும் கால் சுற்றுக் குறைத்தபோது மோட்டார் இருமியது, மாமாவின் உதடு நீலமானது. அவசரமாகக் கூட்டினான். நிற்பது வேறு, நின்றுபோவது வேறு என்று அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது. நான்கு மாதம் கடந்தபோது ஆஸ்பத்திரி டாக்டர் படகில் வந்து, படகுக்காரருடன் இரண்டு தெரு நடந்து நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். மழைக்காலம் வரை தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். வானத்தில் அப்போதே இரண்டு மேகம் இருந்தது.

அன்று மத்தியானம் அக்கா மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

“டேய், எம் புருஷனை நிறுத்திக் குடு.”

“நட்டைத் தளர்த்தினா மோட்டார் பழையபடி ஆயிடும்க்கா. படகை நிறுத்திருவாங்க. அக்கரைக்கு எப்படிப் போறது?”

“படகு மோதணும்னு நான் சொல்லல. இவரு நிக்கணும்னுதான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணா எப்படிக்கா?”

“உன்னைய மெக்கானிக்குன்னு போர்டுல எழுதியிருக்கா, என்னையவா?”

நட்டைத் தளர்த்திப் பார்த்தான். தெருமுனையில் படகுக்காரர் முழங்கால் மடங்கிச் சரிந்தார், நெற்றி வியர்த்தது. திரும்ப இறுக்கியதும் எழுந்து நடந்தார். பத்தொன்பது வருடம் காத்திருந்து பெற்றதை மோட்டார் சும்மா விடுவதாக இல்லை. பதிலுக்கு வேறொரு கை லிவரில் இருந்தால்தான் விடும். அக்கா யோசிக்கவே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு லிவரைப் பிடித்தாள். மெக்கானிக் நட்டைத் தளர்த்தி, விசிறியைத் தட்டி, திருகை உட்கார வைத்து இறுக்கினான். எதுவும் நடக்கவில்லை. படகுக்காரர் முன்போலவே நடந்தார், மோட்டாரும் முன்போலவே அவருடைய நடுவைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று தடவை செய்து பார்த்தார்கள். அவளிடம் எடுக்க ஒன்றுமில்லை. விடிந்தால் அடுப்பு, பிறகு படகு, மூன்று பிள்ளைகள், துணி, திரும்பப் படகு. கல்யாணமான பதினாறு வருடத்தில் அவளுக்கு நடு என்ற ஒன்று இருந்ததில்லை. மெக்கானிக் அதைச் சொல்ல வாயெடுத்தான். “தெரியும், வேலையைப் பாரு” என்றாள்.

சோம்பலில் ஊரில் இரண்டாவது ஆள் யார் என்பது இருவருக்கும் தெரியும். மெக்கானிக் பத்தாம் நம்பர் ஸ்பேனரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு டீ குடித்தான். மூன்றாவது கேட்டபோது அவள் தரவில்லை. லிவரைப் பிடித்தான்.

விசிறியைத் தட்டிப் பார்க்க அவளுக்கே தெரிந்திருந்தது. திருகு உட்கார்ந்தது. ஸ்பேனரை நட்டில் மாட்டிக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். புருஷனுக்காகத் தம்பியை இறுக்கும் வேலையை எந்த அக்காவுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

“நெஜமா இறுக்கட்டுமாடா?”

“கேக்காதக்கா. இன்னொரு தடவை கேட்டா கையை எடுத்துருவேன்.”

இறுக்கினாள். மெக்கானிக் எழுந்து வாசலைத் தாண்டினான். தெருவில் படகுக்காரர் வங்கியின் படிக்கட்டுக்கு எதிரே வந்து நின்றார், படியைப் பார்த்தார், உட்கார்ந்தார். இரண்டு நாள் அவரை யாரும் எழுப்பவில்லை. வங்கிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மழை மூன்றாம் நாள் வந்தது. டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இனி பயமில்லை என்றார். எழுந்ததும் படகுக்காரர் முதலில் மச்சானைத் தேடிப் போய், பாலம் வரை நொண்டிக்கொண்டே கூட நடந்தார். “அடுத்த மாசம் லிவரை நான் புடிக்கிறேன்டா” என்றார். “பாதம் ஆறட்டும் மாமா, ரெண்டு மாசம் கழிச்சுப் புடிங்க” என்றான் மெக்கானிக்.

அப்படித்தான் இன்றைக்கு ஒன்பது வருடமாக நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கை மாற்றுகிறார்கள். அதிகாரி தன் குறிப்பேட்டில் கேபிள் பராமரிப்பு என்று எழுதிக்கொள்கிறார். படகு ஒரு தடவைகூட மோதவில்லை. மெக்கானிக்கின் முறை வரும்போது, பழுதான எஞ்சின்களைத் தள்ளுவண்டியில் வைத்துச் சொந்தக்காரர்கள் அவனோடு கூட நடக்கிறார்கள், அவன் நடந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றுகிறான். முன்பைவிட வேலை சீக்கிரம் முடிகிறது என்று ஊரில் பேச்சு. போன செவ்வாய்க்கிழமை அவனுடைய முறை ஆரம்பித்தது. வழியனுப்ப அக்கா பட்டறையிலிருந்து கூடவே வந்தாள். கடைத்தெரு முனை வரை பேசிக்கொண்டே வந்தவள், அதற்குமேல் அவன் வேகம் அவளுக்குக் கட்டுப்படியாகாமல், அவனை முந்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.