மச்சான் என்கிற கொடுவா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அத்தானின் படகில், வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது. தலை படகுக்கு வெளியே தொங்கியதால் பாதிக் கதையைக் காதால்தான் பார்த்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆறும் கடலும் ஒன்றையொன்று மறக்கும் அந்த..."

அக்கா படித்துவிட்டு, "கழிமுகம்னு எழுதேன், ஒரே வார்த்தை" என்றாள். அவள் மீன் ஆராய்ச்சியாளர். விட்டுவிட்டேன்.

2

அத்தானுக்குத் தூண்டில் பைத்தியம். அவருடைய பரம எதிரி ஒரு கொடுவா மீன். அது இளசாக இருந்தபோது ஒருமுறை பிடித்தார். அக்கா அதன் முதுகில் எண் போட்ட மஞ்சள் வில்லையைக் குத்தி, ஆண் என்று சொல்லி, தண்ணீரில் விட்டாள். அதன்பிறகு எத்தனையோ முறை கவ்வி, கத்தி போன்ற செவுள் மூடியால் இழையை அறுத்துக்கொண்டு போனது. அத்தான் அதற்கு மச்சான் என்று பெயர் வைத்தார்.

இதற்கிடையே அக்காவுக்குத் தூரத்து அணைக்கட்டு ஊரில் ஆசைப்பட்ட வேலை கிடைத்தது. அத்தான் வாக்குக் கொடுத்தார்: மச்சானைப் பிடித்த மறுநாளே கிளம்பலாம்.

(பிடிக்கவே போவதில்லை என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கா? இந்தப் பாத்திரத்தின் மீது எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.)

3

பிடித்துவிட்டார்.

பெரிய மீன். முதுகில் வில்லை, அதன்மேல் பாசி. வயிறு முட்டச் சினை. அதைக் கண்டதும் அத்தானின் குரல் தெளிந்தது.

"இது பொம்பளை. மச்சான் இல்ல."

படகில் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா வில்லையைக் குனிந்து பார்த்தாள்.

(இது என் கற்பனையல்ல: கொடுவா ஆணாகத்தான் பருவமடையும், பெரிதானபின் பெண்ணாக மாறும். அத்தானுக்குப் பொய்யிரைகளின் வகையெல்லாம் அத்துப்படி. மீனின் நீளத்தைத் தவிர வேறெதையும் அவர் கேட்டதில்லை.)

4

முடிவு அ: அக்கா பாசியை வழித்து எண்ணைப் படிக்கிறாள். அத்தான் அணைக்கட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கெண்டை பிடிக்கிறார்.

முடிவு ஆ: "ஆமா, வேற மீன்தான்" என்கிறாள். வேலைக்கு வேறு யாரோ போகிறார்கள்.

இரண்டையும் கிழித்தேன். ஏனென்றால் அக்கா பாசியைத் தொடவில்லை. அத்தானைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்:

"இது மச்சானா இருந்தா, மனசோட வருவீங்களா?"

அத்தான் வாயைத் திறந்தார். அவர் கையிலிருந்த மீனும் திறந்து திறந்து மூடியது.

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். உங்களுக்கு யோசிக்க நேரமாகும்.