இன்னும் ரெண்டு நாள்

பாவாத்தாள் பஸ் படியிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டது தொண்ணூற்று நான்கு ஐப்பசியில். ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. சிறுநீர் போக டியூப் போட்டு, கட்டிலோரம் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. சிங்காநல்லூர் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அவள் புருஷன் பொங்கியண்ணன்தான் கூட இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் இஸ்மத் சிஸ்டர் வந்தாள்.

"டியூபை இன்னைக்கு எடுத்துடலாமுங்க. உள்ளேயே இருந்தா கிருமி ஏறிப்போகும்."

பொங்கியண்ணனுக்குத் திக்கென்றது. எடுத்துவிட்டால் மணிக்கொருதரம் பெட்பேன் வைக்க வேண்டும். கனத்த உடம்பு, லேசாக அசைத்தாலே அலறிவிடுவாள். ஆயாவைக் கூப்பிட்டால் ஆடி அசைந்துதான் வருவாள். அவருக்கோ இடுப்பு விட்டுப்போயிருந்தது.

சிஸ்டரை வெளியே கூட்டிப்போய்க் கும்பிட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும், அம்மணி. அவளைத் தூக்கி எறக்க என்னால முடியலீங்க."

"டாக்டர் எடுக்கச் சொல்லி எழுதியிருக்காருங்களே."

"ரெண்டே நாளுங்க."

டாக்டர் கொடுமுடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இஸ்மத் தயங்கினாள். அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. சரியென்று போய்விட்டாள்.

ரெண்டு நாள் மூன்றானது. ஆறாம் நாள் பையில் இறங்கிய சிறுநீர் கலங்கி நாறியது. மத்தியானம் குளிரெடுத்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது.

"ஏனுங்க, அடிவயிறு எரியுதுங்க," என்றாள் பாவாத்தாள். சாயங்காலம் அவரையே யாரென்று கேட்டாள்.

ஊரிலிருந்து திரும்பிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"மூணாம் நாளே எடுன்னு எழுதினேனே! யாரைக் கேட்டும்மா விட்டு வச்சே?"

பொங்கியண்ணன் தலைமாட்டில்தான் நின்றிருந்தார். 'நான்தானுங்க' என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். இஸ்மத் அவரை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதானுங்க, சார்."

டியூபை எடுத்தார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ஒன்பதாம் நாள் பாவாத்தாள் போய்ச் சேர்ந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் பொங்கியண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார். "அந்தப் பொண்ணை வார்டுல இருந்தே மாத்திட்டேனே," என்றார் டாக்டர்.

இஸ்மத் கீழே ஊசி போடும் அறையில் இருந்தாள். கூட்டமில்லை.

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டேன், கண்ணு. அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

"நீங்க முடியாமத்தானுங்க கேட்டீங்க. நான் மாட்டேன்னிருக்கோணும். தெரிஞ்சுதானே விட்டேன்."

பொங்கியண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேம்மா. கேட்டிருந்தா, வலிச்சா வலிக்கட்டும், எடுத்துருங்கன்னுதான் சொல்லியிருப்பா."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இஸ்மத் கையிலிருந்த பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.