துண்டுக்கடியில் இரண்டு விரல்

...நூறு புள்ளியாம், ஒரே ஆட்டத்தில், ஒரே ஆள், போன மாதம் அமெரிக்காவில், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவன், பஞ்சநாதன் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே மூன்றாவது தடவையாகச் சொல்கிறான், ஏதோ இவனே அமெரிக்காவுக்குப் போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி. சொல்லட்டும். சரக்கைப் புகழ்கிறவனை வாய் வலிக்கப் புகழ விடு, மூச்சு வாங்குவான் பார், அப்போது விலையைக் கேள் என்பார் எங்கப்பா, பெரிய மார்க்கெட்டை ஒட்டிக் காலமெல்லாம் ஜவுளி விற்றவர். இன்றைக்கு விலை கேட்கிற நாள். கிளப்புச் சுவரில் ஐந்து பேர் பெயரை எழுதப் போகிறார்கள், கிளப் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை கூடைப்பந்து ஆடியவர்களில் தலைசிறந்த ஐந்து பேர். நான்கு பெயருக்கு எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள், ஐந்தாவது பெயர் தெய்வசிகாமணி என்கிற நானா, இதோ எதிரே வியர்வை சொட்ட ஓடிக்கொண்டிருக்கிற இராமதாஸா என்பதில்தான் இழுபறி. தலைவர் கிருஷ்ணசாமி இந்த ஆட்டத்தின் இடைவேளையில் முடிவு சொல்லிவிடுவான், காலையில் பெயிண்டர் வருகிறான்... எனக்கு நாற்பத்தெட்டு வயது, முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது, தொப்பை வேட்டிக் கட்டைத் தாண்டிவிட்டது, இந்தச் சுவரையும் விட்டால் நான் பந்தைத் தொட்டேன் என்பதற்கு என் பெண்டாட்டிகூடச் சாட்சி சொல்ல மாட்டாள்.

பஞ்சநாதன் ஆலையின் விளையாட்டுக் காரியதரிசி, இராமதாஸ் ஆலையின் ஆள், ஆள் என்றால் தறியைத் தொடுகிற ஆள் இல்லை, காலையில் கையெழுத்து, பிறகு மைதானம், மாதம் பிறந்தால் சம்பளம், இதற்குப் பெயர் உத்தியோகம். நாங்கள் எதற்கு ஆடினோம்? மத்தியானம் கடையில் துணி கிழித்து, சாயங்காலம் இங்கே கால் கிழித்து, ஜெயித்தால் பட்டாளத்துக் கப்பித்தேன் ஒருத்தன், வெள்ளைக்கார அதிகாரி, தோளில் தட்டி பிரெஞ்சில் ஏதோ சொல்லுவான், அதைக் கிருஷ்ணசாமிதான் தமிழில் சொல்லுவான், அவன் அப்போது பிரெஞ்சுக்காரன் கச்சேரியில் குமாஸ்தா, சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்லுவான், நல்ல மனசு. பஞ்சநாதனுக்கு இதெல்லாம் பிடிக்காது, அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஆட்டம், இப்போது நம் காலம் என்கிறான். நான் என்ன பாரிஸிலிருந்தா வந்தேன்? என் காலம் எனக்கு நம் காலம் இல்லையா? வெயில் அப்போதும் இதே வெயில்தான், வெறுங்காலைச் சுட்டது என் காலைத்தான், எதிரே நின்றவன் மட்டும் கான்வாஸ் ஜோடு போட்டிருந்தான்.

இராமதாஸ் போட்டுவிட்டான். கூட்டம் கத்துகிறது. எப்படிப் போட்டான்? எகிறி, ஆகாயத்தில் நின்று, ஒரே கையால், இலையில் அப்பளம் வைக்கிற மாதிரி. நாங்கள் இரண்டு காலும் தரையில் பதித்து, இரண்டு கையாலும், மார்புக்கு நேரே பிடித்து, கடல்காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எறிவோம். தோல்பந்து, வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், அந்தக் கட்டு தரையில் பட்டால் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. வளையத்தில் கட்டுவதற்கு வலை வீராம்பட்டினத்திலிருந்து வரும், பழைய மீன்வலை, எங்களோடு ஆடிய உத்திராபதி கொண்டுவருவான், கடலுக்குப் போகிறவன், மழை நாளில் நனைந்து கனத்துப் பந்தைக் கவ்விக்கொள்ளும், கழியால் குத்தி எடுக்க வேண்டும். அவனைக் கேட்டால், வலைன்னா புடிக்கத்தான செய்யும் என்பான்... உத்திராபதி. காலையில் அவன் பெண்டாட்டி தனக்கொடி வந்திருந்தாள், அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள், என்னிடம் பேரம் பேசி ஜெயிக்கிற ஒரே பிறவி. வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு, செவுத்துல பேரு எழுதறாங்களாமே அண்ணே, எங்க ஊட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு, உங்க பேரு வருதான்னு என்றாள். இன்னும் தெரியலைம்மா என்றேன். அவரு சொன்னாரு, சிகாமணி பேரு வராம பின்ன யாரு பேரு வரும், பந்து அது கைக்குத்தான போவும்னு. சொல்லிவிட்டு, மீனைக் கையில் வைத்துக்கொண்டே விலையை ஒரு பிடி ஏற்றினாள். புகழ்ச்சிக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி.

மறுபடி இராமதாஸ். நான் கணக்கு வைக்கவில்லை, பஞ்சநாதன் வைக்கிறான், ஒவ்வொன்றுக்கும் என் பக்கம் திரும்பி ஒரு விரலை மடக்கிக் காட்டுகிறான். அரை ஆட்டத்திலேயே, நாங்கள் ஒரு ஆட்டம் முழுக்கப் போட்டதைத் தாண்டிவிட்டார்களாம். உங்க காலத்துல ரெண்டு டீமும் சேர்ந்து எடுத்த புள்ளிய இப்ப எங்க பையன் ஒருத்தனே எடுக்கறாண்ணே என்கிறான். எடுப்பான். ஏன் எடுக்க மாட்டான்? அதோ பார், கூடை விழுந்தது, பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எதிராளியே எறிகிறான், இந்தப் பக்கம் ஓடுகிறார்கள், அந்தப் பக்கம் ஓடுகிறார்கள், நீ போட்டால் எனக்கு, நான் போட்டால் உனக்கு, ரேஷன் கடை மாதிரி முறை வைத்து வருகிறது பந்து. அமெரிக்காக்காரனின் நூறும் இப்படி முறையில் வந்த நூறுதானே? எங்களுக்கு முறை ஏது? கூடை விழுந்தால் விசில், பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோவார்கள், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருத்தன் நிற்பான், நடுவர் பந்தை மேலே எறிவார், எகிறித் தட்டி ஜெயித்தவன் பக்கத்துக்குப் பந்து. ஒவ்வொரு கூடைக்கும் இப்படி. புது விதி பாரிஸிலிருந்து கப்பலேறி வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது, எங்களுக்கு வந்து சேரும்போது என் முட்டி போயிருந்தது. இதுதான், இதைத்தான் சொல்லப் போகிறேன், இது என் மடியில் கட்டிவைத்த சரக்கு, இடைவேளை வரைக்கும் அவிழ்க்க மாட்டேன். இவர்களுக்குப் பந்து வருகிறது, நாங்கள் பந்தை ஜெயித்தோம். ஆகா. சொல்லும்போது வலது கையை இப்படி நீட்ட வேண்டும்.

அந்தக் கப்பல் ஆட்டம் ஒன்று போதாதா? யுத்தத்துக்கு முன்னால், கப்பல் சரக்கு இறக்குகிற கடல்பாலத்துக்கு அப்பால் பிரெஞ்சுப் போர்க்கப்பல் நங்கூரம் போட்டிருந்தது, மாலுமிகள் படகில் இறங்கி வந்து ஆடினார்கள், ஒவ்வொருத்தனும் விளக்குக் கம்பம். எங்கள் பக்கம் நடுவட்டத்தில் உத்திராபதி, அவனும் நெட்டைதான், ஆனால் அந்த மாலுமியின் காதளவுக்குத்தான் வருவான். ஊரே சிரித்தது. எகிறும் முன்னால் நானும் அவனும் செய்கிற காரியம் ஒன்று உண்டு, அது எங்கள் கடையிலிருந்து போனது. தரகர்கள் விலை பேசும்போது கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தானே பேசுவார்கள், சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதை உத்திராபதிக்குக் கற்றுக்கொடுத்தேன், அவன் கடலோரத்து ஏலத்தில் வளர்ந்தவன், ஒரு நாளில் பிடித்துக்கொண்டான். மைதானத்தில் துண்டு ஏது, பனியனைக் கீழே இழுத்து அதற்கடியில் கையைக் கொடுப்போம். ஒரு விரலை அழுத்தினால் பந்து பின்னால் வரும், இரண்டை அழுத்தினால் இடது பக்கம், உள்ளங்கையை மூடினால் நேரே, ஓடு. மாலுமிகளுக்கு இது என்ன தெரியும்? இரண்டு ஆம்பிளைகள் கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்து உதட்டைக் குவித்து முத்தம் கொடுத்துக் காட்டினார்கள். கொடுங்கடா முசே, நன்றாகக் கொடுங்கள்... பந்து மேலே போனது, விளக்குக் கம்பம் எகிறியது, எகிறித் திரும்பவும் இறங்கியபோது பந்து என் கையில் இருந்தது. நான் போட்டேன். மறுபடி நடுவட்டம், மறுபடி கை, மறுபடி நான் போட்டேன். எப்படிடா எட்டின என்று நான் கேட்டதற்கு உத்திராபதி சொன்னான், பந்த எதுக்குப் பாக்கற, எறியறவன் தோளப் பாரு, அலைய மூஞ்சியில பாத்தா கட்டுமரம் கவுந்துடும், அது எங்க எழும்புதோ அங்க பாக்கணும். மூன்றாவதோ நான்காவதோ கூடைக்குப் பிறகு முத்தம் நின்றது. அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போனார்கள், மேலேயிருந்து பார்த்தால் எத்தனை தலைகள்... உத்திராபதி? அவன் எங்கே போனான் அன்றைக்கு? விடியலில் கடலுக்குப் போகிறவன், நேரத்தோடு போயிருப்பான்.

விசில். இடைவேளை. கிருஷ்ணசாமி பெஞ்சில் எனக்கும் பஞ்சநாதனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தான், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான், அலோர் என்றான், நம் ஊர் 'அப்புறம்' மாதிரி, பிரெஞ்சுக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியும் எந்தப் பேச்சையும் அவன் இந்தச் சொல் இல்லாமல் தொடங்குவதில்லை. பஞ்சநாதன் புள்ளிகளைச் சொன்னான், அமெரிக்காவைச் சொன்னான், காலம் மாறிப்போனதைச் சொன்னான், மூச்சு வாங்கினான். நான் அவிழ்த்தேன். நன்றாகவே அவிழ்த்தேன், ரேஷனைச் சொன்னேன், நடுவட்டத்தைச் சொன்னேன், கையைக்கூட நினைத்தபடியே நீட்டினேன். இவங்களுக்குப் பந்து வருது, நாங்க ஒவ்வொரு தபாவும் பந்த ஜெயிச்சோம், அப்படி ஜெயிச்சுப் போட்ட ஒரு கூடை இவன் போடற நாலுக்கு சமம்யா. பஞ்சநாதன் பேப்பரை எடுத்தான், விரித்தான், மடித்தான். கிருஷ்ணசாமியின் கண் கலங்கினாற்போல் இருந்தது, அவனும் அந்தக் கப்பல் ஆட்டத்தைப் பார்த்தவன்தானே. நெசந்தான் சிகாமணி, எனக்கே இது தோணல, அப்ப உன் பேரையே எழுதிடுவோம் என்றான். வியாபாரம் முடிந்தது. எழுந்து போய்விட வேண்டும், முடிந்த வியாபாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் முட்டாள்... முட்டி எழவிடவில்லை.

பக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்து நின்ற இராமதாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. சொம்பை வைத்துவிட்டு, குத்தலே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான் என்று முகத்திலேயே எழுதியிருக்க, கேட்டான்.

"அப்ப எகிறறவரு நல்லா எகிறிட்டா, எதிராளிக்குப் பந்தே கெடைக்காதேங்கய்யா? போட்டுக்கிட்டே இருக்கலாமே?"

"ஆமா. அதான் ஆட்டம்."

"நீங்கதான் எகிறுவீங்களா?"

நான் அவன் மார்பளவு இருப்பேன். "எகிறனவன் வேற ஆளுப்பா" என்றேன்.

"யாருங்க?"

விசில் ஊதிவிட்டார்கள், பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டான். நல்ல பையன், தோற்றதுகூடத் தெரியாமல் ஓடுகிறான்... தோற்றானா? என்ன கேட்டான் அவன்? போட்டுக்கிட்டே இருக்கலாமே. ஆமாம், போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கூடை நாலுக்குச் சமம் என்று இப்போதுதானே விற்றேன், சரக்கு நல்ல சரக்கு, பொய்யில்லை, பஞ்சநாதனால் நூல் ஒன்றை உருவ முடியவில்லை, ஆனால் அந்த நாலில் மூன்று யாருடையது? என்னடா இது, என் பேரம் எனக்கே திரும்புகிறது. இல்லை, விடமாட்டேன், போட்டது என் கை, காற்றைப் பார்த்தது என் கண், கம்பங்களுக்கு நடுவில் நுழைந்தது என் உடம்பு, விரல் பாஷையே நான் கொடுத்தது... கொடுத்தேன். சரி. துண்டுக்கடியில் விரலை அழுத்துகிறவன் யார்? விலையைச் சொல்கிறவன். அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறவன் தலையாட்டுகிறவன், அவ்வளவுதான், இது எங்கள் கடையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். பனியனுக்கடியில் யார் விரலை யார் அழுத்தியது? நான் ஒரு தடவையாவது அழுத்தியிருக்கிறேனா? ஒரே ஒரு தடவை? யோசி... எங்கே போகும் என்று அவன்தான் சொன்னான், அங்கே போய் நின்றேன், வந்தது. பந்து அது கைக்குத்தான போவும். காலையில் தனக்கொடி சொன்னபோது எனக்கு அது புகழ்ச்சியாக அல்லவா கேட்டது, மீனுக்கு மேலே காசு கொடுத்தேனே. அவன் புகழ்ந்தானா, இல்லை, நடந்ததைச் சொன்னானா? போவும் என்றால்... அனுப்புகிறவனுக்குத்தானே தெரியும், எங்கே போகும் என்று.

அதற்காக? நாலு பேருக்கும் தெரியாத ஒரு பெயரைச் சுவரில் எழுதச் சொன்னால் பஞ்சநாதன் சிரிக்க மாட்டானா? எத்தனை புள்ளி போட்டார் அவர் என்று கேட்பான். ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வேண்டும். எகிறலை யார் கணக்கு வைத்தார்கள்? விதி மாறியபோது அவன் செய்த வேலையே ஆட்டத்திலிருந்து எடுபட்டுப்போயிற்று, என் வேலையாவது இருக்கிறது, ஒற்றைக் கைக்கு மாறியிருக்கிறது. சுவருக்கு அவன் ஆசைப்பட்டானா? கேட்டனுப்பியதுகூட என் பெயரைத்தானே? கேட்காதவனுக்குக் கொடுக்கிற வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான்? இராமதாஸுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது நிச்சயம், எங்கள் காலம் இவர்கள் காலத்துக்கு ஒரு முழம் குறைந்ததில்லை, அதைப் பெயிண்டர் சுவரில் எழுதியே ஆக வேண்டும்... எந்த எழுத்தில், எந்தப் பெயரில் என்பதுதான்...

கிருஷ்ணசாமி என் பக்கம் சாய்ந்தான். "பேர எப்பிடிப் போடச் சொல்லட்டும்? அப்பா பேரும் சேர்த்தா?" என்றான். "சொல்லு, காலையில உன்னைத் தேட முடியாது." கொஞ்சம் இரு என்றேன். நடுவட்டத்தில் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள், இப்போதெல்லாம் பாதிக்கு ஒரு தடவைதான் இது, பந்தோடு நடுவர் நடுவில் வந்தார், கூட்டம் மொத்தமும் பந்தைப் பார்த்து முகத்தைத் தூக்கியது. நான் எறிகிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து இப்படிப் பார்க்கிறேன்? மேல்துண்டு மடியில் கிடந்தது, அதற்கடியில் என் கையை என் கையே பிடித்துக்கொண்டிருந்தது, இரண்டு விரல் அழுந்தியது, இந்தத் தடவை அழுத்தியது நான், அனுப்புகிறவன் நான், இடது பக்கம், அங்கே கிருஷ்ணசாமி காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தான், நான் வாயைத் திறந்தேன்...