தொண்டையில் நின்ற கறி

முத்லக்குக்குச் சாப்பாடு என்றாலே அலுப்பு. கழுத்து முதுகெலும்பின் முன்பக்கம் எலும்பு முளைத்து உணவுக்குழாயை நெருக்குகிறது என்று ஜோர்டான் தலைநகர் அம்மானில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. கஞ்சியும் தயிரும் இறங்கும்; ரொட்டியும் கறியும் பாதி வழியில் நின்றுகொண்டு உயிரை வாங்கும். போகிற இடமெல்லாம் இதை விளக்கிச் சலித்துப்போய், பல்வலி என்று சொல்லித் தப்பித்துவந்தார்.

இன்று அந்தப் பாச்சா பலிக்காது. தம்பி மகன் நாயிஃப் ஓட்டிய லாரியில் அடிபட்டு, பக்கத்துக் குலத்துப் பையன் ராகான் செத்துப்போனான். சமாதானம் ஆகும்வரை நாயிஃப் சிறைக்குள்தான். மன்னிப்புக் கேட்க நாற்பது பெரியவர்களோடு வந்து உட்கார்ந்த முத்லக், கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார்; கேட்டது கிடைத்த பிறகே குடிப்பது வழக்கம். செத்தவனின் தகப்பன் அபூ ராகான், விட்டுக்கொடுத்தேன், காப்பியைக் குடியுங்கள் என்றார். முத்லக் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து அதைக் குடித்து முடித்தார்.

பிறகு சோற்றின்மேல் ஆட்டுக்கறி குவித்த தட்டுகள் வந்தன. தலைவராக வந்தவர் கை நனைக்காமல் எழுந்தால், கொடுத்த மன்னிப்பைக் காலால் எத்திய மாதிரி. அபூ ராகான் தன் கையாலேயே நல்ல கறியாகப் பிய்த்து நீட்டினார். முத்லக் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். எல்லாரும் பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் விழுங்கினார். நின்றுவிட்டது. மூச்சு முட்டியது; இருமலை அடக்க அடக்கக் கண்ணீர் தாடியில் வழிந்தது.

அபூ ராகான் அந்தக் கண்ணீரைப் பார்த்தார்.

"பாத்தீங்களாப்பா," என்றார் தன் ஆட்களிடம். "நாலு மாசமா எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க. எம்புள்ளைக்காக இந்த மனுஷன்தான் அழுதிருக்காரு."

அங்கங்கே விசும்பல் கேட்டது. முத்லக் உண்மையைச் சொல்லிவிட நினைத்தார்; குரல் எழும்பவில்லை. கறி மெல்ல நகர்ந்து இறங்கிய பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நாயிஃபுக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினார்! செத்த அந்தப் பையனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அவன் கறுப்பா சிவப்பா என்றுகூடக் கேட்டதில்லை.

அபூ ராகான் தழுதழுத்தபடி முன்னதைவிடப் பெரிய துண்டாகப் பிய்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்கண்ணே. ராகான் இதத்தான் கேட்டு வாங்கித் திம்பான்."

முத்லக் வேண்டாமென்று சொல்லவில்லை. வாயைத் திறந்தார்.