கோவிந்தராஜனின் இடது கால்

கால் சென்டர் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சுமோ ஓட்டி வந்தவர் கோவிந்தராஜன். 2004 மழைக்காலத்தில், வாசலை மறித்து நின்ற ஸ்கூட்டரைத் தள்ளி வைக்கும்போது சைலன்சர் அவருடைய இடது கணுக்காலைச் சுட்டுவிட்டது. பல வருடச் சர்க்கரையில் மரத்துப்போன கால், சூடே தெரியவில்லை. சாயங்காலம் தோல் வழன்று கிடந்ததை மனைவி சொர்ணம்தான் பார்த்தாள்.

தீபாவளி போயும் புண் ஆறவில்லை. வண்டி வேறொருவன் கைக்குப் போய்விட்டது. ஈஜிபுராவில் இரண்டாம் மாடியில் அவர்களுக்கு ஒற்றை அறை. சொர்ணம் கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பினால் அவருக்குக் கட்டிலும், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னலும்தான் மிச்சம். புண்ணின் வாடை வெளியேற வழியில்லாமல் அறையையே சுற்றியது. அவள் ஊதுபத்தி ஏற்றினால் எரிந்து விழுவார்.

காலின் ரத்தக் குழாயெல்லாம் அடைத்துவிட்டது, பைபாஸுக்கு இடமில்லை என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிதி. ஆனால் ஆராய்ச்சியாக ஒரு சிகிச்சை நடக்கிறது. ரத்தக் குழாய் பழுதானால் தேடிப்போய்ச் சரிசெய்கிற செல்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டு. அவற்றை இடுப்பிலிருந்து எடுத்துக் கெண்டைக்காலில் செலுத்திப் பார்ப்பார்கள். அன்று ஆட்டோவில் திரும்பும்போது கோவிந்தராஜன் டிரைவரிடம் வலியப் பேச்சுக் கொடுத்தார்.

இடுப்பில் ஊசி போட்டு எடுத்த மஜ்ஜையின் சோதனை முடிவு வந்தது. செல்கள் சொற்பம், இருந்தவையும் ஆய்வுக்கூடத்தில் வளராமல் செத்தன.

"சக்கரை குழாயை மட்டும் கெடுக்கலை சார்," என்றார் அதிதி. "அதை ரிப்பேர் பண்ண வர்ற செல்லையும் கெடுத்திருக்கு. இதைக் கால்ல போட்டுப் பிரயோஜனம் இல்லை."

சொர்ணம் புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை மேஜைமேல் நீட்டினாள். "எனக்குச் சக்கரை இல்ல டாக்டர். என்னுதை எடுத்துக்குங்க."

அவருடைய உடம்பு அடுத்தவர் செல்லை ஏற்காது என்று அதிதி பொறுமையாக விளக்கினார். கேட்டு முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பாதம் கறுத்தது. "காலை எடுத்துடச் சொல்லு," என்றார் கோவிந்தராஜன், சுவரைப் பார்த்தபடி.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்முன் பேனாவைப் பிடித்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டார்: "வெட்டுன எடத்தை ஆத்த வேண்டியதும் அதே செல்லுதானே?"

அதிதி சொன்னார்: "அதேதான். முட்டிக்கு மேல ரத்த ஓட்டம் பரவாயில்லை, அதை நம்பித்தான் செய்யறோம். கட்டாயம் ஆறும்னு சொல்ல மாட்டேன்."

போட்டார்.

தையல் பிரித்தும் ஓரத்தில் நீர் கசிந்தது. தினமும் சொர்ணம் கட்டை அவிழ்க்கும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவள் முகத்தைத்தான் பார்ப்பார், புண்ணை அல்ல. யுகாதி கழிந்து ஒருநாள் துணி காய்ந்தே வந்தது. அடுத்த நாளும் அப்படியே. சொர்ணம் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே தெருவுக்கு இறங்கினார். பின்னால் ஊன்றுகட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்த சொர்ணம், எங்கே போகலாம் என்று கேட்டாள். வண்டிகள் விர்விர்ரென்று போயின. அவருக்குப் போக ஓர் இடமும் தோன்றவில்லை.

"இங்கியே உக்காரலாம்," என்றார்.